மல்லாட்டையில் பூசணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "பூசணம் பிடித்த கடலையை வறுத்தாலும் அதிலிருக்கும் நஞ்சு போகாது" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கே இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்குத்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் 31 வருடம் உணவு, தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பாதி நாள் அஃப்ளாடாக்சின், அதாவது பூசணம் செய்யும் அந்த நஞ்சு, பார்ப்பதிலேயே போனது. பிறந்தது செஞ்சிப் பக்கம், மானாவாரியில் கடலை போட்ட குடும்பம். அதனால் நான் மல்லாட்டை என்று எழுதினால் வேர்க்கடலை என்று படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்தே லேசாகப் பூசணம் பிடித்த கடலையைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, வறுத்துச் சட்னி அரைப்போம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நீங்கள் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது.
(ஒரு இல்லத்தரசி, திண்டிவனம்)

பயமுறுத்தவில்லை அம்மா. எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. நல்ல பருப்பு கமிட்டிக்கு (ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு) விற்கப் போகும், சொத்தையும் சுருங்கலும் வீட்டுக்கு நிற்கும். அதில்தான் எங்கள் சட்னி.

பூசணம் வேறு, அது செய்துவைத்த நஞ்சு வேறு. சட்டி சூட்டில் பூசணம் செத்துப்போகும். நஞ்சு சாவதற்கு அது உயிரே இல்லை, ஒரு ரசாயனப் பொருள். சுத்தமான அஃப்ளாடாக்சின் சிதையத் தொடங்கவே 230 டிகிரிக்கு மேல் வேண்டும். வறுக்கும்போது ஒரு பங்கு குறையும், மீதி அப்படியே நிற்கும். வேகவைத்தால் இன்னும் குறைவாகத்தான் போகும். தண்ணீரில் கழுவினால் மேலே ஒட்டியிருக்கும் பச்சைப் பொடி போகும், பருப்புக்குள் இறங்கியது போகாது.

"ஒன்றும் ஆனதில்லை" என்பதற்கு வருகிறேன். ஒரேயடியாக நிறைய உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை நம் நாடு 1974இல் பார்த்தது. குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்கள். அறுவடை சமயத்தில் மழை, சோளக்கதிர் ஈரத்தோடு வீட்டுக்கு வந்தது. மக்காச்சோளத்தைத்தான் சொல்கிறேன். பில் பழங்குடி மக்களுக்கு அந்தச் சோளமே மூன்று வேளைச் சாப்பாடு. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல். பதிவான நோயாளிகள் 397 பேர், இறந்தவர்கள் 106 பேர். அதே சோளத்தைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன.

நம் சட்னிக் கரண்டிக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் போவது கல்லீரலில் வேறு வேலை செய்கிறது. அதைக் கீழே ஒரு செவிலியருக்கு எழுதியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முறத்தில் பரப்பிப் பொறுக்குங்கள். இது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? நஞ்சு ஒரு மூட்டையில் எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவி இருக்காது. மிகச் சில பருப்புகளில் குவிந்திருக்கும். ஒரே பருப்பில் கிராமுக்கு 1,000 மைக்ரோகிராமுக்கு மேல்கூடக் கண்டிருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் இருக்கும். நம் நாட்டுச் சட்டத்தில், மேற்கொண்டு பதப்படுத்தப்போகும் கடலைக்குக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான் எல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஒற்றைப் பருப்பு 33 கிலோ நல்ல கடலையை எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்தப் போதும். அதைப் பொறுக்கி எறிந்தால் 33 கிலோவும் தப்பிக்கும்.

எதைப் பொறுக்குவது? சுருங்கியது, தோல் கருத்தது அல்லது வெளுத்தது, பூச்சி துளைத்தது, முளைத்தது, மஞ்சள்பச்சைப் பொடி படிந்தது. வாயில் கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். இன்னொன்று, வெளியே பார்த்தால் தெரியாது. பருப்பை நகத்தால் இரண்டாகப் பிளந்தால் இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு சின்னக் குழி இருக்கும். அந்தக் குழியில் பச்சைப் பொடி உட்கார்ந்திருக்கும். மேல்தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே முழுக்கப் பூசணம். அதனால் சட்னிக்குப் போடும் பருப்பை உடைத்துப் போடுங்கள்.

பொறுக்கிய சொத்தையைக் கோழிக்கும் போட வேண்டாம், செக்குக்கும் அனுப்ப வேண்டாம். குழி தோண்டிப் புதையுங்கள்.

கேள்வி: பூசணம் அஃப்ளாடாக்சினை எந்தெந்த என்சைம்களால் செய்கிறது? பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்ட ஒரு படம் இருக்கிறது. மனப்பாடம் செய்கிறேன், புரியவில்லை.
(முதுநிலை நுண்ணுயிரியல் மாணவி, திருச்சி)

உன் கேள்விக்காகத்தான் இந்த மாதம் கூடுதலாக ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன்.

படத்தைக் கொஞ்ச நேரம் மூடி வை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் என்னைப் பயிற்சிக்கு ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மேசையில் இரண்டு பெட்ரி தட்டுகள் இருந்தன. மேலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரே மாதிரிப் பச்சைப் பூசணம். "கவிழ்த்துப் பார்" என்றார் அங்கிருந்த அம்மா. ஒன்றின் அடி சோறு வடித்த கஞ்சி நிறம். இன்னொன்றின் அடி அப்படியே செங்கல் பொடி. முதலாவது நஞ்சு செய்யும். செங்கல் நிறத்தது ஏறக்குறைய செய்யவே செய்யாது. இரண்டுக்கும் ஒரே ஒரு என்சைம்தான், அதாவது ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் ஒரு புரதம்தான், வித்தியாசம்.

அந்தச் செங்கல் நிறத்துக்குப் பெயர் நார்சொலோரினிக் அமிலம். அஃப்ளாடாக்சினுக்குப் போகும் வழியில் வரும் பொருள் அது. சாதாரணப் பூசணத்தில் அது வந்த வேகத்தில் அடுத்த என்சைம் எடுத்துக்கொண்டுபோய்விடும், கண்ணில் படாது. அந்த அடுத்த என்சைம் பழுதானால் பொருள் தேங்கிச் சிவப்பாகத் தெரியும். அமெரிக்காவில் ஜோன் பென்னெட்டும் அவரோடு இருந்தவர்களும் 1970களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட நிற மாற்றப் பூசணங்களைப் பிடித்துத்தான் இந்தப் பாதையைத் திறந்தார்கள். எங்கே பழுதாகிறதோ அங்கே என்ன தேங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வரிசையைக் கண்டுபிடித்தார்கள். உன் படத்தில் உள்ள ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பின்னால் இப்படி ஒரு பழுதான பூசணம் இருக்கிறது.

சரி, இப்போது முதலிலிருந்து வருவோம்.

பூசணத்துக்குப் பருப்பில் கிடைப்பது எண்ணெயும் மாவும். அதை உடைத்தால் இரண்டு கார்பன் துண்டுகள். அசிட்டேட். முதலில் ஒரு கொழுப்பு அமில சிந்தேஸ் மூன்று துண்டைச் சேர்த்து ஆறு கார்பன் கொண்ட ஹெக்சனோயேட் செய்கிறது. நம் உடம்பில் கொழுப்பு செய்கிற என்சைமுக்குச் சொந்தக்கார என்சைம்தான் இது. ஆனால் இதே வேலைக்கென்று பூசணம் தனியாக ஒரு ஜோடி வைத்திருக்கிறது.

அந்த ஆறு கார்பனை வாங்கிக்கொள்வது பாலிகீடைடு சிந்தேஸ், பிகேஎஸ்-ஏ. இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரே பெரிய புரதம், உள்ளே பல பகுதிகள். ஒரு பகுதி ஹெக்சனோயேட்டைத் தேர்ந்து எடுக்கும். ஒரு பகுதி சங்கிலியில் சேர்க்க வேண்டிய மலோனைல் துண்டுகளை எடுத்துக் கொடுக்கும். ஒரு பகுதி வளரும் சங்கிலியை நீளமான கையில் தொங்கவிட்டுப் பிடித்திருக்கும். ஒரு பகுதி கோக்கும். ஏழு தடவை, தடவைக்கு இரண்டு கார்பன். ஆறும் பதினான்கும் இருபது. அந்த இருபது கார்பன் சங்கிலி ஒரு நிமிடம் சும்மா விட்டால் தன்மேல் தானே கண்டபடி ஒட்டிக்கொள்ளும். அப்படி விடாமல், சேலையை ஓரம் பிசகாமல் மடிப்பதுபோல் சரியான இடத்தில் மடித்து வளையங்களாக்க ஒரு தனிக் குழியே அந்தப் புரதத்தில் இருக்கிறது. அந்தக் குழியின் உருவத்தை எக்ஸ் கதிர் படிகமுறையில் 2009இல்தான் வெளியிட்டார்கள். மடிப்பு மாறினால் பொருளே மாறும். இதே குடும்பத்து என்சைம்கள் ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் என்ற வேறொரு பூசணத்தில் வேறு மாதிரி கோத்து, வேறு மாதிரி மடித்து, லோவாஸ்டாட்டின் செய்கின்றன. கொழுப்பைக் குறைக்க மருத்துவர் எழுதித்தரும் ஸ்டாட்டின் வகையில் முதலில் விற்பனைக்கு வந்த மாத்திரை அதுதான்.

மடித்து முடித்து ஆக்சிஜன் ஏறினால் நம் செங்கல் நிற நார்சொலோரினிக் அமிலம். அடுத்தது நார்-1 என்ற கீட்டோ ரிடக்டேஸ், கவிழ்த்துப் பார்த்த தட்டில் பழுதாகியிருந்தது இந்த வேலைதான். அது அவெரன்டின் ஆக்குகிறது. பிறகு சைட்டோகுரோம் பி450 வகை என்சைம் ஒன்று அதில் ஒரு ஆக்சிஜன் ஏற்றுகிறது. அவெரூஃபின், வெர்சிகோனல் என்று நடுவில் வருகிற நிலைகளைத் தேர்வுக்கு நீ படித்துக்கொள், நான் அவற்றைத் தாண்டிப்போகிறேன். ஆனால் இந்த ஓரிடத்தில் நில்.

வெர்சிகோலோரின் பி. இந்தப் பொருளில் வால்பக்கம் சுருண்டு, ஒட்டிய இரண்டு ஃபியூரான் வளையங்களாகிவிட்டது. இன்னொரு பி450 வந்து கடைசி வளையத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு போடுகிறது. இப்போது அது வெர்சிகோலோரின் ஏ. போட்டது ஒரே ஒரு பிணைப்பு. பாம்புக்குப் பல் முளைத்தது இந்த இடத்தில்தான். இந்தப் பிணைப்பு ஏறாமல் நேரே போகும் கிளையில் அஃப்ளாடாக்சின் பி2 வரும், அதன் வீரியம் மிகக் குறைவு. பிணைப்போடு போனால் வீரியமுள்ள பி1. படத்தில் இந்த அம்பைச் சிவப்பு மையால் வட்டமிடு.

அப்புறம் வெர்-1 முதலான என்சைம்கள் நடு வளையத்தை உடைத்து மாற்றுகின்றன. ஓஎம்டி-பி என்ற என்சைம் ஒரு மெத்தில் ஒட்டினால் ஸ்டெரிக்மாடோசிஸ்டின் என்ற பொருள். ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலான்ஸ் என்ற பூசணம் இத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் போக அதனிடம் கருவி இல்லை. நம் கடலையில் நஞ்சு செய்யும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸும் பாரசிடிகஸும் நிற்காது. ஓஎம்டி-ஏ இன்னொரு மெத்தில் ஒட்டும், ஆர்ட்-ஏ என்ற பி450 முடித்துவைக்கும். அஃப்ளாடாக்சின் பி1 தயார்.

இத்தனை என்சைம்களுக்கும் உரிய மரபணுக்கள், ஏறக்குறைய 25க்கு மேல், ஒரே குரோமோசோமில் அடுத்தடுத்து ஒரே தெருவில் இருக்கின்றன. அந்தத் தெருவுக்கு மெயின் சுவிட்ச் அஃப்ளஆர் என்ற புரதம். சுவிட்ச் போடாமல் ஒரு வேலையும் நடக்காது. பூசணம் வளர்ந்தாலே நஞ்சு இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. சூடு, ஈரம், கிடைக்கும் உணவு இவையெல்லாம் ஒத்துவந்தால்தான் சுவிட்ச். அதே சமயம், பூசணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நஞ்சு இல்லை என்றும் சொல்ல முடியாது. செய்த பூசணம் செத்து உதிர்ந்திருக்கும், செய்த பொருள் இருக்கும்.

கேள்வி: கல்லீரல்தானே நஞ்சை முறிக்கும் இடம்? அப்படியிருக்க அஃப்ளாடாக்சின் ஏன் கல்லீரலையே தாக்குகிறது?
(ஒரு செவிலியர், மதுரை)

முறிக்கப்போய்த்தான் மாட்டிக்கொள்கிறது, சிஸ்டர்.

சாப்பிட்ட அஃப்ளாடாக்சின் பி1 அந்த நிலையில் நம் டிஎன்ஏவை ஒன்றும் செய்யாது. கல்லீரலில் இருக்கும் சைட்டோகுரோம் பி450 என்சைம்கள், முக்கியமாக 3ஏ4, 1ஏ2, அந்நியப் பொருள் வந்தால் அதில் ஆக்சிஜன் ஏற்றிச் சிறுநீரில் தள்ளப் பார்க்கும். நாம் விழுங்கும் எத்தனையோ மாத்திரைகளை அவைதான் கரைத்து அனுப்புகின்றன. அஃப்ளாடாக்சின் வந்தால், நான் மேலே சொன்ன அந்த இரட்டைப் பிணைப்பிலேயே ஆக்சிஜனைச் செருகிவிடுகின்றன. முக்கோணம் போன்ற எபாக்சைடு உருவாகிறது. அது பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏவில் குவானின் என்ற எழுத்தைக் கவ்விக்கொள்ளும். பூசணம் பி450 வைத்துச் செய்ததை நம் உடம்பின் பி450 முடித்துக்கொடுக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கவ்விய இடம் சரியாக ஆறாவிட்டால் ஜி (குவானின்) இருந்த இடத்தில் டி (தைமின்) வரும். புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவில் 249ஆம் இடத்தில் இந்த மாற்றத்தை, அஃப்ளாடாக்சின் அதிகமுள்ள பகுதிகளின் கல்லீரல் புற்றுக் கட்டிகளில் 1991இல் கண்டார்கள். குற்றவாளி விட்டுப்போன கைரேகை மாதிரி அது.

எபாக்சைடைப் பிடித்துக் கட்டிப்போட இன்னொரு என்சைம் உண்டு, குளுட்டதயோன் டிரான்ஸ்ஃபெரேஸ். சுண்டெலிக்கு இது பலமாக இருப்பதால் அது தாங்கும். வான்கோழியின் கல்லீரலில் இந்த வேலைக்கு அந்த என்சைம் உதவுவதே இல்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிக் குஞ்சுகள் செத்துவிழுந்து, நோய் என்னவென்று தெரியாமல் திண்டாடி, கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் போய் நின்றார்கள். அஃப்ளாடாக்சின் என்ற பெயரே அந்தத் தேடலில் பிறந்தது. மனிதர்கள் சுண்டெலி அளவுக்குப் பலமானவர்கள் அல்ல.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஹெபடைடிஸ் பி கிருமியும் அஃப்ளாடாக்சினும் ஒருவருக்குள் சேர்ந்தால் கதையே வேறு. ஷாங்காயில் 18,000க்கு மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து பார்த்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், சிறுநீரில் அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு, ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்கு 60 மடங்கை ஒட்டி. பிறந்த குழந்தைக்கு முதல் நாளே போடும் அந்த ஊசியை எந்தத் தாயாவது "அப்புறம் போடலாம்" என்று தள்ளினால், தயவுசெய்து உட்காரவைத்துப் பேசுங்கள்.

கேள்வி: ஜப்பானில் சோயா சாஸ் செய்ய ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணத்தைத்தானே சேர்க்கிறார்கள்? அதில் நஞ்சு வராதா?
(ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

வராது. சேர்ப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே, ஆஸ்பெர்ஜில்லஸ் சோயே. ஃபிளேவஸ், பாரசிடிகஸ் இரண்டுக்கும் நெருங்கிய சொந்தம்தான். ஆனால் மனிதர் கையில் பல நூறு வருடம் வளர்ந்ததில் அந்த மரபணுத் தெரு பாழடைந்துவிட்டது. ஒரைசே வகைகள் பலவற்றில் தெருவின் ஒரு பகுதியே காணோம், இருப்பதும் வேலை செய்வதில்லை. சோயேயில் மெயின் சுவிட்ச் புரதம் பாதியிலேயே அறுந்துபோகிறது. அதற்காக வீட்டில் தானாக வந்த பச்சைப் பூசணத்தை வைத்துச் சோயா சாஸ் செய்து பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க என்னாலேயே முடியாது.

கேள்வி: நான்கு கறவை மாடு வைத்திருக்கிறேன். கடலைப் பிண்ணாக்கு கொஞ்சம் பூசணம் பிடித்துவிட்டது. மாடு நன்றாகத்தான் தின்கிறது. பாலுக்கு ஏதாவது ஆகுமா?
(ஒரு விவசாயி, ஈரோடு)

ஆகும் அண்ணா. இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

மாட்டின் கல்லீரலும் அதே பி450 வேலையைச் செய்யும். பி1இல் ஒரு பங்கை எம்1 ஆக்கிப் பாலில் விடும். அந்த எம் என்ற எழுத்தே பாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துதான். மாடு தின்ற பி1இல் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆறு பங்கு வரை இப்படி வரும், நிறையக் கறக்கும் மாட்டில் கூடுதலாக. தின்ற ஒரு நாளைக்குள் பாலில் தெரியும். காய்ச்சினால் போகாது, தயிரானாலும் போகாது, பனீரில் இன்னும் செறிவாக நிற்கும். நம் சட்டம் பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் வரை விடுகிறது, ஐரோப்பிய ஒன்றியம் 0.05 வரைதான் விடுகிறது. இந்தப் பத்து மடங்கு வித்தியாசம் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் முள். நம்மூரில் பால் அதிகம் குடிப்பது பிள்ளைகள்.

நல்ல செய்தியும் உண்டு. பிண்ணாக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். பென்டோனைட் போன்ற களிமண் கலந்த தீவனச் சேர்மானம் வயிற்றிலேயே கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது நல்ல தீவனத்துக்குத் துணைதானே தவிர, கெட்டதை நல்லதாக்காது. கடலையை ஆட்டும்போது நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கும். அதனால்தான் "சொத்தையைச் செக்குக்குப் போடு" என்ற பழக்கத்தை நான் இவ்வளவு எதிர்க்கிறேன். செக்கெண்ணெயிலும் ஒரு பங்கு வரும், மீதி உங்கள் தொட்டிக்கு வரும்.

பிண்ணாக்கு வாங்கும்போது கட்டியை உடைத்துப் பாருங்கள். வெளியே காய்ந்து, உள்ளே ஈரமாகச் சூடாக இருந்தால் வாங்காதீர்கள். தரையில் சாய்த்து அடுக்காமல், மரச்சட்டம் போட்டுச் சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள்.

கேள்வி: கடலை போடுகிறேன். வியாபாரி "நஞ்சு இருக்கு" என்று சொல்லி விலை குறைக்கிறார். வயலிலேயே இதற்கு மருந்து ஏதாவது இருக்கிறதா?
(ஒரு விவசாயி, திருவண்ணாமலை)

பாட்டிலில் வரும் மருந்தைவிட உங்கள் கையில் இருப்பதை முதலில் சொல்கிறேன். நஞ்சை எடுக்க வழி தேடாதீர்கள், செய்ய விடாமல் பாருங்கள். மேலே திருச்சிப் பெண்ணுக்கு எழுதிய அந்த நீண்ட வரிசை, ஈரமும் சூடும் இல்லாமல் ஓடாது.

கடைசி ஒரு மாதம் மழையில்லாமல் வறட்சி தட்டினால்தான் பெரிய ஆபத்து. மண் சூடேறும், செடி வாடும். பச்சைப் பருப்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பொருள்களைச் சுரக்கும், ஈரம் குறையும்போது அந்தச் சுரப்பு நின்றுவிடும். பூசணமோ அந்த வறட்சியிலும் தாங்கும். கிணற்றில் தண்ணீர் இருந்தால் கடைசித் தண்ணீர் ஒன்றை இந்தச் சமயத்துக்கு மிச்சம் வையுங்கள். விழுது இறங்கும் 40, 45ஆம் நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைப்பதை விடாதீர்கள், ஓடு கெட்டியாகும். பிடுங்க நாள் தள்ளாதீர்கள்.

பிடுங்கியபின் செடியைப் போர் போட்டு அமுக்காமல், காய் மேலே தெரியக் கவிழ்த்துப் போடுங்கள். ஆய்ந்த காயை மெல்லிசாகப் பரப்புங்கள், சாயங்காலம் மூடுங்கள். பருப்பில் ஈரம் நூற்றுக்கு 8க்குக் கீழே வர வேண்டும். கருவி வேண்டாம், என் அப்பா காதில் வைத்துக் குலுக்குவார். கலகலவென்று பருப்பு ஆடினால், உள்ளங்கையில் தேய்த்தால் தோல் கழன்றால், மூட்டை கட்டலாம்.

அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குக் கோபம் வரவைக்கலாம். காயை உடைக்கும் முன்னால் பருப்பு நொறுங்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்களே, அதை நிறுத்த வேண்டும். மூன்று நாள் வெயிலில் பாடுபட்டுக் காயவைத்ததை ஒரு குடம் தண்ணீரில் பூசணத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறோம். நனைத்த பருப்பைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினால் உள்ளே இருப்பது சரியான அடுப்பு.

வியாபாரி விஷயத்தில் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒருமுறை ஒரு வியாபாரி அரைக் கிலோ மாதிரி கொண்டுவந்தார், பார்த்தாலே தெரிந்தது, கையால் பொறுக்கிய பருப்பு. சோதனையில் ஒன்றுமே இல்லை. அதே சரக்கின் லாரி வந்து, பல மூட்டையில் குத்தூசி போட்டு எடுத்துப் பார்த்தால் எல்லையைத் தாண்டி எங்கோ இருந்தது. அதனால் ஒரு கைப்பிடி எடுத்து "நஞ்சு இருக்கு" என்று சொன்னாலும் நம்பாதீர்கள், "இல்லை" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். எத்தனை மூட்டையில், எத்தனை கிலோ எடுத்து, அரைத்துக் கலந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இனி மருந்து. அமெரிக்காவின் அரிசோனாவில் பருத்திக்காட்டில் ஏஎஃப்36 என்ற ஃபிளேவஸ் பூசணத்தையே தூவுகிறார்கள். அதற்குப் பிகேஎஸ்-ஏ மரபணுவில் ஒரே எழுத்து மாறியதால் என்சைம் பாதியில் நின்றுபோய்விட்டது, நஞ்சு செய்ய முடியாது. அது முந்தி இடம்பிடித்தால் நஞ்சுக்காரன் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆப்பிரிக்காவிலும் அந்தந்த நாட்டு மண்ணிலிருந்தே இப்படிப்பட்ட வகைகளைத் தேடி எடுத்து அஃப்ளாசேஃப் என்ற பெயரில் கொடுக்கிறார்கள். ஹைதராபாத் பக்கம் படான்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு வழி பார்த்தார்கள். பூசணத்தின் வெர்-1, ஓஎம்டி-ஏ இரண்டின் மரபணுவையும் வாயடைக்கும் ஆர்என்ஏவைக் கடலைச் செடியே செய்யும்படி மாற்றி 2018இல் வெளியிட்டார்கள். அது ஆய்வுக்கூட வேலை, விதையாக உங்கள் கைக்கு வரவில்லை. யாராவது அந்தப் பெயர் சொல்லிப் பாக்கெட் விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: அஃப்ளாடாக்சின் புற ஊதா விளக்கில் ஒளிரும் என்று படித்தேன். ரூபாய் நோட்டு பார்க்கும் நீல டார்ச் என்னிடம் இருக்கிறது. அதை அடித்துக் கடலையைச் சோதிக்கலாமா?
(பத்தாம் வகுப்பு மாணவன், நாமக்கல்)

தம்பி, படித்தது உண்மை. பி என்பது நீலம், ஜி என்பது பச்சை, அந்த ஒளியின் ஆங்கில முதலெழுத்துகளே பெயராகிவிட்டன. ஆனால் நாங்கள் கடலையை அப்படியே விளக்கில் பார்ப்பதில்லை. அரைத்து, கரைப்பானில் குலுக்கி, வடித்து, ஆவியாக்கி, சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டின் அடியில் ஒரு சொட்டு வைத்து, தட்டைக் கரைப்பானில் நிற்கவைத்து மேலே ஏறவிட்டு, இருட்டறையில் விளக்கைப் போட்டால், குறித்த உயரத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு நீலப் பொட்டு தெரியும். பக்கத்தில் அளவு தெரிந்த பொட்டு இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம். இன்றைக்கு அதற்கும் நுணுக்கமான கருவிகள் வந்துவிட்டன.

வெறும் டார்ச் அடித்தால் நல்ல பருப்பின் தோலும் பருப்பும்கூட நீலமாக மின்னும். மக்காச்சோளத்தில் பச்சைமஞ்சளாகப் பளிச்சென்று தெரிவதுகூட அஃப்ளாடாக்சின் இல்லை. பூசணம் விட்ட கோஜிக் அமிலத்தைச் செடியின் சொந்த பெராக்சிடேஸ் என்சைம் மாற்றியதால் வருவது. ஃபிளேவஸ் வந்துபோனதற்கு அது அடையாளம், நஞ்சுக்கு அளவு ஆகாது. ஒளிராத பருப்பிலும் நஞ்சு இருக்கலாம்.

உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வேறொன்று செய். ஒரு கிலோ கடலை வாங்கி, ஒவ்வொரு பருப்பாகப் பிளந்து, நடுக்குழியில் பொடி இருப்பதையும் இல்லாததையும் தனித்தனியாக வைத்து எண்ணு. மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொள். எண்ணிக்கையை எனக்கு எழுது, அடுத்த இதழில் போடுகிறேன்.